வழக்காட ஆளில்லாத வழக்குகள்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் பயின்று, ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியத்துக்காகவும் குடிசைகளை இடிப்பதற்கு எதிராகவும் நீதிமன்றப் படியேறிய இளம் வழக்கறிஞர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்பணியை விட்டு மும்பையிலும் தில்லியிலும் உள்ள பெரும் சட்ட நிறுவனங்களில் சேர்வது இன்று வழக்கமாகிவிட்டது. இதைத் துரோகம் என்று வசைபாடுவோர் உண்டு. அவரவர் சொந்த விருப்பம் என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. இரு சாராருமே பிரச்சினையின் வேரைத் தொடுவதில்லை.

நெருக்கடி நிலைக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பொதுநல வழக்கு என்னும் வடிவம் வேர்விட்டது. 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் அதற்கு வழியமைத்தவர்களில் ஒருவர். 1979-ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார் சிறைகளில் விசாரணையின்றி வாடியோரின் நிலையை வெளிக்கொணர்ந்தது. 1982-ல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் உழைத்த தொழிலாளர் பற்றிய வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட உதவி இயக்கத்திலிருந்து வந்த மாதவ மேனன் பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கியதும் இந்தக் காலச் சூழலில்தான்.

அதன்பின் வந்தது 1991. பொதுத்துறைப் பங்கு விற்பனை, நிறுவன இணைப்பு, நடுவர் தீர்ப்பாயம், 2016-க்குப் பிறகு திவால் சட்டம் என மூலதனத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் சட்ட வல்லுநர் கூட்டம் தேவைப்பட்டது. மறுபுறம், சட்டப் பல்கலைக்கழகங்கள் தம் செலவை மாணவர் கட்டணத்திலிருந்தே ஈடுகட்டும் நிலைக்குத் தள்ளப்பட்டன. பலவற்றில் ஆண்டுக் கட்டணம் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டு முடிவில் கல்விக் கடனுடன் வெளியேறும் மாணவரின் முன்னே இரு வழிகள் உள்ளன. பெரும் சட்ட நிறுவனத்தில் முதல் மாதமே ஒரு லட்சத்துக்கு மேல் ஊதியம் கிடைக்கும். நீதிமன்றத்தில் இளநிலை வழக்கறிஞராகச் சேர்ந்தால் மூத்தவர் கொடுப்பதே வருமானம். நகர்ப்புறத்தில் 20,000 ரூபாயும் ஊரகத்தில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாக வழங்கலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024-ல் சுற்றறிக்கை விட்டது. அதுவும் பரிந்துரைதான், கட்டாயமன்று. தலித், பழங்குடி, கீழ்நடுத்தரக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாக வருவோருக்கு இது தேர்வே அல்ல. ஏழைகளுக்காக வாதாடும் வாய்ப்பும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்ற விசித்திர நிலையை இந்தக் கணக்கு உண்டாக்கியிருக்கிறது.

பணம் மட்டுமே காரணமல்ல. அந்நிய நிதியை நம்பி உரிமைப் போராட்டம் நடத்துவதை இடதுசாரிகள் ஏற்றவர்களல்லர். ஆயினும் பல இளம் வழக்கறிஞர்களுக்கு மாத ஊதியம் தந்தவை அத்தகைய அமைப்புகளே. 2020-ல் மோடி அரசு அந்நிய நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற நிதியைச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்வதையும் தடை செய்தது. அடக்குமுறை வேறு. சத்தீஸ்கர் தொழிலாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் சுதா பரத்வாஜ் 2018-ல் பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, மூன்றாண்டுக்கும் மேலாகச் சிறையில் கழித்தார். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களுக்கு அது என்ன சேதி சொல்லியிருக்கும்?

இழப்பு யாருக்கு என்பதே உண்மையான கேள்வி. ஆலை நிலுவை ஊதிய வழக்கு எந்த ஆவணம் இல்லாமல் நொறுங்கும், ஒப்பந்ததாரரை முன்னிறுத்தி முதன்மை முதலாளி எப்படி நழுவுவார் என்பதைத் தொழிலாளர் பக்கம் நின்று கற்ற அறிவு, நிறுவனம் மாறிய மறுநாளே முதலாளிக்கு ஆலோசனையாகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி பெறவேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது. இதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று சொல்ல நிர்வாகங்களுக்கு ஆலோசகர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளிக்கு அதைப் படித்துச் சொல்லவே ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் இருந்துகொண்டே கட்டணமின்றிச் சில வழக்குகளை நடத்தலாமே என்கிறார்கள். சில கைதிகளுக்கு ஜாமீன் கிடைக்க அது உதவும்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுரங்க நிறுவனத்தைக் கட்சிக்காரராகக் கொண்ட சட்ட நிறுவனம், அச்சுரங்கத்தால் நிலமிழந்த பழங்குடியினருக்காக வாதாட முடியாது. நலமுரண் என்று தொழில் விதியே தடுக்கும். கருணைக்கு இடமுண்டு, கட்சிக்காரரின் லாபத்தைத் தொடாதவரை.

சிறையிலிருப்போரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகளாக உள்ள நாட்டில், சட்ட உதவி அரசின் கடமை. 1976-ல் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு அதைத்தான் கூறுகிறது. ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக 2022-ல் தொடங்கிய சட்ட உதவி எதிர்வாதி வழக்கறிஞர் முறை சரியான திசையில் எடுத்த அடி. ஆனால் அங்கும் ஒப்பந்த நியமனமே. அரசு வழக்கறிஞருக்கு இணையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொண்ட நிரந்தரப் பணியாக அது மாற வேண்டும். சட்டப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தைக் குறைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். சட்ட உதவிப் பணியில் குறிப்பிட்ட ஆண்டுகள் நிற்போரின் கல்விக் கடனை அரசே ஏற்க வேண்டும். இளநிலை உதவித்தொகை சட்டபூர்வ உரிமையாக வேண்டும்.

அரசிடம் கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. பார் கவுன்சிலின் 49-ஆவது விதிப்படி முழுநேர ஊதிய ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய இயலாது. எனவே சங்கங்கள் வழக்கறிஞரைத் தம் ஊழியராக அமர்த்திக்கொள்வது கடினம். மாதாந்திர நிலைக்கட்டணம் கொடுத்துத் தக்கவைப்பதே சாத்தியமான வழி. தனியொரு ஆலைச் சங்கத்தால் இது முடியாது. ஒரு தொழிற்பேட்டையின் பத்துப் பதினைந்து சங்கங்கள் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கிப் பொது நிதி அமைத்தால் முடியும். முற்போக்கு வழக்கறிஞர் அமைப்புகளில் உள்ள மூத்த தோழர்கள் இளையோருக்குத் தரும் மாதத் தொகையை இவ்வாண்டே பார் கவுன்சில் பரிந்துரைத்த அளவுக்கேனும் உயர்த்தித் தொடங்கலாம்.