இரவில் கண்டதை மருத்துவரிடம் கூறுங்கள்

ஆஸ்துமா நோயாளரை நாங்கள் காலை 10 மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் காண்கிறோம். அவர் மூச்சுக்கு மிகவும் திணறும் வேளையோ அதிகாலை 3, 4 மணி. அப்போது அருகில் இருப்பவர் மருத்துவர் அல்லர். விழித்திருந்து முதுகைத் தடவிவிடும் மனைவியோ, மகனோ, தாயோதான். அவர்கள் கண்டது எங்களிடம் வந்து சேராதவரை சிகிச்சை நிறைவடையாது என்பதே எங்கள் கருத்து.

“பகலில் நலமே, இரவில்தான் சற்று இளைப்பு. பனி ஒத்துக்கொள்ளவில்லை” என்று உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருவோர் பலர் கூறுகின்றனர். பனிக்கும் குளிர்காற்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. நுரையீரலின் திறன் பிற்பகல் 4 மணியளவில் உச்சத்திலும், அதிகாலை 4 மணியளவில் தாழ்ந்தும் இருக்கும். நலமுள்ளவர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவில் இது 20 விழுக்காட்டையும் தாண்டலாம். அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் அட்ரினலினும் இரவில் குறைவதே இதற்கு ஒரு காரணம்.

மூடிய அறையில் எரியும் கொசுவத்தி இதனை மேலும் கடுமையாக்குகிறது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு நிகராகும் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலையே நல்லது.

பிரிட்டனில் 7,729 ஆஸ்துமா நோயாளரிடம் நடத்தி 1988இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 74 விழுக்காட்டினர் வாரம் ஒருமுறையேனும் இரவில் விழிப்பதாகக் கூறினர். பலருக்கும் உள்ளது என்பதால் இது இயல்பானதாகிவிடாது. கடந்த நான்கு வாரங்களில் ஆஸ்துமாவால் ஓர் இரவு விழித்திருந்தாலும், நோய் நன்கு கட்டுப்படவில்லை என்றே பன்னாட்டு வழிகாட்டுதல் கொள்கிறது.

எனவே நோயாளரின் வீட்டார் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்க வேண்டுகிறோம். எந்த இரவு, எத்தனை மணிக்கு இருமலோ இளைப்போ வந்தது, எத்தனை முறை பம்பு எடுக்க நேர்ந்தது என எழுதினால் போதும். மூச்சு வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால், மருந்து எடுக்கும் முன் காலையும் மாலையும் ஊதி அளவைக் குறியுங்கள். உடனடி நிவாரணப் பம்பு சில மணி நேரம் குழாயை விரிக்கும். உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. அதற்கு மருத்துவர் தரும் தடுப்பு இன்ஹேலரை, நலமாக உள்ள நாள்களிலும் விடாமல் எடுக்க வேண்டும்.

பேருந்து இல்லாத இரவில் “விடியட்டும்” எனக் காத்திருப்பது ஆபத்து. ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பம்பு எடுத்தும் தணியாவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

“இரவில் உறங்கினீர்களா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பது மருத்துவர்களாகிய எங்கள் கடமை. நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே கூறுங்கள்.