யார் பேரில் எழுதுவது?

இந்த ஆடி மாதம் பேராவூரணி பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டு மொய் விருந்து. "படிச்ச பையன்" என்று என்னை மொய் எழுத உட்கார வைத்துவிட்டார்கள். 12 வருஷம் இங்கிலீஷ் மீடியம், அப்புறம் இன்ஜினியரிங். வந்தவர் சொன்ன ஊர்ப்பேரில் வருவது 'ழ'வா 'ள'வா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வரிசை பந்தல் வாசலைத் தாண்டிவிட்டது.

மொய் விருந்து தெரியாதவர்களுக்காக: கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. மொய் வாங்குவதற்காகவே பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து போடுவார்கள். சாப்பாட்டுச் செலவு பொது, நோட்டு மட்டும் தனித்தனி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஊர்களில் இது வழக்கம். நீங்கள் எனக்கு 500 செய்திருந்தால், உங்கள் விருந்தில் நான் 1000 செய்வேன். 500 பழசுக்கு. மீதி 500 புதுசு, இப்போது நீங்கள் எனக்குக் கடன். வெறும் 500 மட்டும் வைத்தால் கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

ஹாஸ்டலில் இதைச் சொன்னால் "வட்டியில்லாத லோன் ஆப்" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கையெழுத்து இல்லை, புரோநோட்டு இல்லை. சாதாரண கைமாற்றுக் கடனுக்குக்கூட சட்டத்தில் 3 வருஷம்தான் கெடு. இங்கே 5, 10 வருஷம் கழித்தும் பணம் தேடி வருகிறது. என் ரூம்மேட் பிரியாணிக்குத் தர வேண்டிய 340 ரூபாய் ரெண்டு செமஸ்டராக வரவில்லை. கேட்டால் "கஞ்சன்டா நீ" என்கிறான்.

2018 கஜா புயலில் பெரியப்பா தோப்பில் பாதித் தென்னை சாய்ந்துவிட்டது. அடுத்த ஆடியில் செய்ய வேண்டிய மொய் எல்லாவற்றையும் நகையை அடகு வைத்துச் செய்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் நோட்டுல நம்ம பேரு இருக்குல்லப்பா" என்றார். சின்ன வயதிலிருந்து என் மனதில் நேர்மை என்றால் இந்த ஒரு வரிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் போல ஒரு அம்மா வந்தார். கயிறு ஆலையில் வேலை, வீட்டுக்காரர் இல்லை. சுருக்குப்பையிலிருந்து ஐந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து எண்ணி வைத்துவிட்டு, "எம்பேரையே போடு தம்பி" என்றார். நான் பேனாவைத் தூக்குவதற்குள் பெரியப்பா, "பையன் பேரைப் போடுடா, நாளைக்குச் செய்முறை அவன்தானே பாக்கணும்" என்றார். பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, "சரி, போடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நானும் போட்டேன். பெரியப்பாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வரிசையும் பெரிதாக நின்றது. இப்படி ரெண்டு காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி நோட்டைப் புரட்டினேன். பெண்கள் பேரே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு ஒன்று, ரெண்டு இருந்தது. மற்றதெல்லாம் ஆண்கள். அப்போதுதான் உறைத்தது, புயல் வருஷம் அடகுக்குப் போனது பெரியம்மா நகை. காப்பாற்றப்பட்டது பெரியப்பா பேர்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அவர் சொன்ன காரணமும் நடைமுறையில் சரிதான், யார் திருப்பிச் செய்வார்களோ அவர்கள் பேர் நோட்டில் இருக்க வேண்டும். ஆனால் அந்த 500 ரூபாயைத் திருப்பிச் செய்யப்போவதும் அந்த அம்மாதானே? சிங்கப்பூர்க்காரன் விமானம் ஏறி வந்தா மொய் செய்யப்போகிறான்? மரபு, பண்பாடு என்று பெருமையாகப் பேசும்போது நாம் கொண்டாடுவது வாக்குத் தவறாமையை. அந்த வாக்கைக் காப்பாற்ற நார் பிரித்துச் சம்பாதித்தவரை, கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தவரைக் கணக்கில் எழுதுவதில்லை. மொய்யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பேர் எழுதுகிற பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். இப்போது பல பந்தல்களில் லேப்டாப்பில் எழுதி பிரிண்ட் ரசீதே கொடுக்கிறார்கள். நம்மைப் போல ஒருத்தர்தான் அந்த சாஃப்ட்வேரை எழுதியிருப்பார். இன்னொரு பேருக்கு ஒரு கட்டம் சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

மறுநாள் பெரியப்பாவிடம் கேட்டேன். "எழுதின நோட்டுல அடிக்கக் கூடாது" என்றார். அடிக்க வேண்டாம், பையன் பேருக்குப் பக்கத்தில் 'தாயார்' என்று சேர்க்கிறேன் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, பெரியம்மாதான் பேனாவைத் தேடி எடுத்துக்கொடுத்தார். ஆனால் பேர் என்ன? பெரியம்மாவுக்கே சட்டென்று வரவில்லை. "மேலவீட்டுக்காரின்னுதானே கூப்புடுவோம்..."

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய்ப் பேரைக் கேட்டேன்.

"எதுக்குப்பா, ரேஷன் கார்டுக்கா?"

மொய் நோட்டுக்கு என்றேன்.