பிரிஸ்பேனுக்கு ஒரு நீதி, பெங்களூருவுக்கு ஒரு நீதியா?

2007 ஜூலை 29 அன்று டாக்டர் முகமது ஹனீஃப் பெங்களூரு விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. நான்கு வாரங்களுக்கு முன்பு இதே நகரத்தில் அவரது பெயரைப் பயங்கரவாதியின் பெயராக உச்சரித்த தொலைக்காட்சிகள், அன்று அவரை நாட்டின் மைந்தன் என்று கொண்டாடின. அயல்நாட்டில் அநீதி இழைக்கப்பட்ட ஓர் இந்தியருக்காக நாடே பேசியது. அது சரியானதுதான். ஆனால் அந்த நீதியுணர்வு விமான நிலையத்தின் வாசலோடு நின்றுபோனது ஏன் என்ற கேள்விக்கு ஆளும் கட்சிகளும் கார்ப்பரேட் ஊடகங்களும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

நடந்தது என்ன?

2007 ஜூன் 30 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ விமான நிலையத்தின் மீது, எரிவாயு உருளைகள் ஏற்றிய ஜீப் மோதவிடப்பட்டது. அதை ஓட்டிச் சென்று தீக்காயமடைந்து பின்னர் இறந்த கஃபீல் அகமது, பெங்களூருவைச் சேர்ந்த பொறியாளர். ஹனீஃப் அவருக்குத் தூரத்து உறவினர். பெங்களூருவில் அம்பேத்கர் மருத்துவக் கல்லூரியில் படித்து, ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் மருத்துவமனையில் பணியாற்றி வந்தவர். பெங்களூருவில் பிறந்திருந்த தன் குழந்தையைப் பார்க்கப் புறப்பட்ட அவர், ஜூலை 2 அன்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார்.

குற்றச்சாட்டு எதுவும் பதிவு செய்யப்படாமலே 12 நாட்கள் அவர் காவலில் வைக்கப்பட்டார். பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது கஃபீலின் தம்பி சபீலிடம் அவர் கொடுத்துவிட்டு வந்த ஒரு சிம் கார்டுதான் வழக்கின் அடித்தளம். அந்தக் கார்டு கிளாஸ்கோவில் எரிந்த ஜீப்பில் கிடைத்ததாக அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது. உண்மையில் அது 300 கிலோமீட்டருக்கு அப்பால் லிவர்பூலில், சபீலிடம் இருந்தது. ஜூலை 16 அன்று மாஜிஸ்திரேட் ஜாமீன் வழங்கினார். சில மணி நேரத்திற்குள் குடியேற்றத்துறை அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ், நன்னடத்தை இல்லை என்று கூறி விசாவை ரத்து செய்து, அவர் வெளியே வராதபடி பார்த்துக்கொண்டார்.

ஹோவர்டு அரசின் கணக்கு எளிமையானது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, ஓர் இசுலாமிய மருத்துவரின் முகம் அச்சத்தை விற்பதற்குப் பயன்படும். ஆனால் அந்தக் கணக்கு பொய்த்தது. வழக்கறிஞர் ஸ்டீபன் கீம், தன் தொழிலுக்கே ஆபத்து நேரலாம் என்று அறிந்தும், காவல்துறை விசாரணையின் எழுத்துப் பதிவைப் பத்திரிகைக்கு வழங்கினார். பத்திரிகையாளர்கள் சிம் கார்டு பொய்யை அம்பலப்படுத்தினர். ஜூலை 27 அன்று வழக்கு கைவிடப்பட்டது. விசா ரத்து செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பர் தேர்தலில் ஹோவர்டு அரசு வீழ்ந்தது. பின்னர் அமைக்கப்பட்ட கிளார்க் விசாரணைக் குழு, ஹனீஃப் மீது குற்றம் சாட்டுவதற்கு ஆதாரமே இருக்கவில்லை என்று அறிவித்தது. 2010 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசு அவருக்கு இழப்பீடு வழங்கியது.

ஆஸ்திரேலியா நீதியின் சொர்க்கம் அல்ல. படகில் வரும் அகதிகளைத் தீவுகளில் அடைத்து வைத்த அரசு அது. ஈராக் மீதான அமெரிக்காவின் ஆக்கிரமிப்புப் போருக்குப் படை அனுப்பிய அரசு அது. ஹனீஃபுக்கு விடுதலை கிடைத்தது அந்த அரசின் கருணையால் அல்ல. பொய்யை அரசின் முகத்திற்கு நேரே சொல்லத் துணிந்த வழக்கறிஞர்களாலும், பத்திரிகையாளர்களாலும், அங்குள்ள ஜனநாயக சக்திகளாலும்தான்.

மூன்று நாள் இடைவெளி

ஹனீஃப் பெங்களூரு திரும்பிய மூன்றாம் நாள், 2007 ஆகஸ்ட் 1. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் அப்துல் நாசர் மதானி குற்றவாளி அல்ல என்று சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. 1998 மார்ச் இறுதியில் கைது செய்யப்பட்ட அவர், ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாள் கூட ஜாமீன் இன்றித் தமிழகச் சிறையில் இருந்தவர். ஒரு காலை இழந்த அவருக்கு உரிய சிகிச்சையும் விடுதலையும் கோரி 2006 மார்ச்சில் கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

பிரிஸ்பேனில் ஹனீஃப் இழந்தவை 25 நாட்கள். கோவையில் மதானி இழந்தவை ஒன்பது ஆண்டுகள். ஹனீஃபுக்கு விசாரணைக் குழு, இழப்பீடு. மதானிக்கு இவற்றில் எதுவும் இல்லை. மாறாக, 2008 ஜூலையில் நடந்த பெங்களூரு தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் 2010 ஆகஸ்டில் கர்நாடக காவல்துறை அவரை மீண்டும் கைது செய்தது. 2014இல் உச்சநீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோதும் பெங்களூருவை விட்டு வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை. 2023 ஜூலையில்தான் அவர் கேரளம் செல்ல அனுமதிக்கப்பட்டார். குண்டு வெடித்து 15 ஆண்டுகள் ஆகியும் அப்போது வழக்கு விசாரணை முடிந்திருக்கவில்லை.

மதானியின் அரசியலை ஏற்பதா, மறுப்பதா என்பதல்ல இங்கு கேள்வி. அவர் குற்றவாளி என்றால் நிரூபிக்கட்டும்; இல்லையென்றால் விடுவிக்கட்டும். 15 ஆண்டுகள் இரண்டையும் செய்யாமல் இருப்பது நீதி அல்ல. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் இழைக்கப்படும் துரோகம்.

2008 டிசம்பர்

ஹனீஃப் கைதானபோது, தொலைக்காட்சியில் கதறிய தாய்மார்களைப் பார்த்துத் தனக்கு உறக்கம் வரவில்லை என்று பிரதமர் மன்மோகன் சிங் கூறினார். அந்த மனிதத்தன்மையைக் கூட பாஜக பல ஆண்டுகள் கேலிப்பொருளாக்கியது. வகுப்புவாத அரசியலின் தரம் அது. ஆனால் உறக்கமிழந்த பிரதமரின் அரசு பின்னர் என்ன செய்தது?

2008 டிசம்பர் மாதத்தில் மூன்று நாடுகளில் மூன்று நிகழ்வுகள் நடந்தன. ஆஸ்திரேலியாவில் கிளார்க் குழு அறிக்கை வெளியானது. பிரிட்டனில் கிளாஸ்கோ தாக்குதல் வழக்கில், கொலைச் சதிக் குற்றத்திற்காக பிலால் அப்துல்லாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருடன் கூண்டில் நின்ற முகமது ஆஷா நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். தாக்குதல் நடந்து 18 மாதங்களுக்குள் பகிரங்க விசாரணை முடிந்து, குற்றவாளி தண்டனையும் நிரபராதி விடுதலையும் பெற்றனர்.

அதே மாதத்தில் இந்திய நாடாளுமன்றம் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தை (ஊபா) திருத்தியது. மும்பைத் தாக்குதலின் அதிர்ச்சி அடங்குவதற்குள், குற்றப்பத்திரிகை இன்றி 180 நாட்கள் வரை ஒருவரைக் காவலில் வைக்க வழி செய்யப்பட்டது. காவல்துறையின் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே ஜாமீன் மறுக்கலாம் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. பிரிஸ்பேனில் 12 நாட்கள் கொடுமை என்றவர்கள், இந்தியாவில் 180 நாட்களைச் சட்டமாக்கினார்கள். காங்கிரஸ் வார்த்துக் கொடுத்த அந்த ஆயுதத்தை மோடி அரசு 2019இல் மேலும் கூர் தீட்டியது. இப்போது ஒரு தனிமனிதரையே விசாரணையின்றிப் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம்.

பயங்கரவாதத்தை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு அரசின் புள்ளிவிவரமே பதில் சொல்கிறது. 2018 முதல் 2020 வரை ஊபா சட்டத்தில் கைதானவர்கள் 4,690 பேர். அதே காலத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் 149 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கே தண்டனை ஆகிவிடுகிறது; தீர்ப்பு தேவைப்படுவதில்லை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பெங்களூருவில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காக வாழ்ந்தவர் பாதிரியார் ஸ்டான் சாமி. நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாத அவர், தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில், விசாரணைக் கைதியாகவே மறைந்தார். அவருக்காக எந்த ஆட்சியாளரும் உறக்கமிழந்ததாகச் செய்தி இல்லை.

மாலை யாருக்கு?

இதே பெங்களூருவில் 2017 செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இருவர் 2024 அக்டோபரில் ஜாமீனில் வெளிவந்தபோது, விஜயபுராவில் இந்துத்துவ அமைப்பினர் அவர்களுக்கு மாலை அணிவித்து வரவேற்றனர். தீர்ப்பு வரும் வரை அவர்களும் நிரபராதிகளாகவே கருதப்பட வேண்டும். ஜாமீன் அவர்களது உரிமை. இதில் ஜனநாயகவாதிகளுக்குத் தடுமாற்றம் இருக்கக் கூடாது. ஆனால் அந்த மாலை நிரபராதி என்ற நம்பிக்கைக்காகப் போடப்பட்டது அல்ல. அது கொலைக்குப் போடப்பட்ட மாலை.

இசுலாமியர் கைதானால் அன்றே குற்றவாளி. இந்துத்துவவாதி குற்றம் சாட்டப்பட்டால் அன்றே வீரன். வெளிநாட்டில் படித்த இந்தியர் சிக்கினால் தேசத்தின் மானப் பிரச்சனை. அயல்நாட்டுச் சிறைகளில் வாடும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் கூலித் தொழிலாளி ஒருவர் இருந்தால் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. மதமும் வர்க்கமும் பார்த்து வரும் கோபத்திற்கு நீதியுணர்வு என்று பெயர் சூட்ட முடியாது.

2022ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தவறாகச் சிறை வைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க சட்டம் இயற்ற வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. குற்றவியல் சட்டங்களையே மாற்றி எழுதியதாகப் பெருமை பேசும் ஒன்றிய அரசு, அந்தப் பரிந்துரையைத் தொடவே இல்லை.

ஊபா சட்டம் ரத்து, விசாரணைக்குக் கால வரம்பு, பொய்வழக்கில் சிறைப்பட்டவர்களுக்குச் சட்டப்படி இழப்பீடு, பொய்யாக வழக்குப் புனைந்த அதிகாரிகள் மீது நடவடிக்கை: இந்த நான்கு கோரிக்கைகளும் வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞரைக் காவல்துறை இழுத்துச் செல்லும்போது, அவரது பெயரைக் கேட்டவுடன் ஊரே முணுமுணுக்கும்போது, ஆதாரம் எங்கே என்று முதலில் கேட்கும் குரல் கட்சிக் கிளையின் குரலாக இருக்க வேண்டும். 2007இல் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா கேட்ட கேள்வியும் அதுவே. அதை இந்தியாவிடம் கேட்பது இன்னும் பாக்கி இருக்கிறது.