ஒரு பெயர், இரண்டு பெட்டி

உங்களில் பலர் இப்போது கோ-ஒப், முதல் வேலை என்று ஐடி பக்கம் வருகிறீர்கள். அதனால் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், விட்பியில் என் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து ஒரு நிறுவனத்துக்கு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அது மூட வேண்டும். ஒவ்வொரு பெயராக எடுத்து, நிறுவனத்தின் டிரெக்டரியிடம் "இவர் இருக்கிறாரா?" என்று கேட்கும். இல்லை என்றால் கணக்கை மூடும்.

ஒரு திங்கட்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு அக்காவுக்கு எதுவும் திறக்கவில்லை. "என்னை நிப்பாட்டிட்டாங்களோ தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு ஒரே பெயர்தான். ஆனால் டிரெக்டரியில் குடும்பப் பெயர் கட்டாயம். பதிந்தவர் அந்தப் பெட்டியில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே "இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். டிரெக்டரித் தேடலில் அடைப்புக்குறிக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. என் ஸ்கிரிப்ட் பெயரை அப்படியே ஒட்டியது, தேடல் உடைந்தது. அந்த உடைவை "ஆள் இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்ததும் நான்தான்.

இந்த டிரெக்டரிகள் பேசும் மொழி எல்டாப். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட இருந்தவர்களும் உருவாக்கியது. இணையப் பக்கத்துக்கு முகவரி இருப்பதுபோல, ஒரு எல்டாப் தேடலையும் ஒரே முகவரியாக எழுதலாம். அதன் வடிவம் இது:

எல்டாப்://சேர்வர்:389/அடிப்படை?பண்புகள்?எல்லை?வடிகட்டி

எங்கே தேடுவது, எதைக் கேட்பது, எவ்வளவு ஆழம் போவது, யாரைப் பிடிப்பது, எல்லாம் இந்த ஒரு வரியில். எல்லையை எழுதாமல் விட்டால் அடிப்படையில் உள்ள ஒரே பதிவை மட்டும் பார்க்கும், கீழே இறங்காது. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுவார்கள்.

இதைக் கையால் ஒட்டாதீர்கள். ஓப்பன்எல்டாப்புடன் எல்டாப்-யூஆர்எல் என்ற சின்னக் கட்டளை வருகிறது. துண்டுகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் முகவரியைக் கட்டித் தரும். முழு முகவரியைக் கொடுத்தால் பிரித்து வரிவரியாகக் காட்டும். எந்தச் சேர்வருக்கும் போகாது, அதனால் பயமில்லாமல் விளையாடிப் பார்க்கலாம். அன்றைக்கு என் முகவரியை ஒருமுறை பிரித்துப் பார்த்திருந்தால், வடிகட்டிக்குள் அந்த அடைப்புக்குறி கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் அந்தக் கட்டளை எல்லாவற்றையும் காப்பாற்றாது. இங்கே இரண்டு பூட்டு இருக்கிறது. முதலாவது, வடிகட்டிக்குள் போகும் பெயரில் அடைப்புக்குறியோ நட்சத்திரக்குறியோ இருந்தால் அதை மாற்றி எழுத வேண்டும். அது உங்கள் வேலை. இரண்டாவது, முகவரிக்கு ஒத்துவராத எழுத்துகளைச் சதவீதக் குறியீடாக மாற்றுவது. அது கட்டளையின் வேலை. "தமிழ்" என்று எழுதிப் பாருங்கள், 45 குறிகளாக நீளும். அதைக் கையால் எழுத யாருக்குப் பொறுமை? டெர்மினலில் முகவரியை ஒற்றை மேற்கோளுக்குள் போடவும் மறக்காதீர்கள். கேள்விக்குறியும் அடைப்புக்குறியும் ஷெல்லுக்கு வேறு அர்த்தம்.

இவ்வளவும் தொழில்நுட்பம். என் கோபம் வேறு இடத்தில். 2006இல் வந்த எல்டாப் விதியின்படி, ஒரு "ஆள்" பதிவுக்கு முழுப் பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம். முதற்பெயர் கட்டாயம் இல்லை. எங்களில் பலருக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் பெயரும்தான். படிவத்துக்காக அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, அலுவலகத்தில் காலம் முழுக்க அப்பாவின் பெயரால் கூப்பிடப்படுகிறவர்களை உங்களுக்கும் தெரியும்.

"எல்லாருக்குமாக மென்பொருளை மாற்ற முடியாது" என்பார்கள். விதியை மாற்றச் சொல்லவில்லை. ஒரே பெயர் உள்ளவருக்கு இரண்டு பெட்டியிலும் அதே பெயரைப் போடுங்கள். காட்டும் பெயர் என்று தனிப் பெட்டி இருக்கிறது, அதில் அவர் சொல்லும் பெயரைப் போடுங்கள். பெயருக்கு மொழிக்குறி சேர்த்துத் தமிழிலும் வைக்க 2004இலேயே விதி வந்துவிட்டது. எல்லாச் சேர்வரும் அதை ஏற்காது. ஏற்கிற இடத்திலும் யாராவது கேட்டால்தான் செய்வார்கள்.

அந்த அறையில் அதைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். அன்றைக்கு நான் கேட்கவில்லை. அக்காவின் கணக்கு மதியத்துக்குள் திறந்தது, இரண்டு பெட்டியிலும் அவருடைய பெயரே இருக்கிறது. ஆனால் அந்தக் காலை முழுக்க அவர் கைப்பையை மடியில் வைத்தபடியே இருந்தார்.