மீளும் கலை

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிள்ளைகள் நீந்தக் கற்றது பெரும்பாலும் தோட்டத்துக் கிணற்றில்தான். உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் பிணைத்து, தந்தையோ மாமனோ பிள்ளையை நீரில் இறக்குவார். கயிற்றின் மறுநுனி அவர் கையில் இருக்கும். பிள்ளை கைகால்களை அடித்துக்கொண்டு அலறும், அவர் சிரிப்பார், ஆனால் கயிற்றை விடமாட்டார். நீர் பற்றிய கல்வி அனைத்திற்கும் கயிறு பிடித்த அந்தக் கையே அடிப்படை என்பது என் கருத்து.

பாண்டிய நாட்டின் புகழ் பெற்ற துறைமுகம் கொற்கை. அக்கடலின் முத்துகள் பிறநாடுகளிலும் விலைபோயின. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களுக்கு மூச்சுக்கருவி ஏதும் இல்லை. கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்குவர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பிகளைத் திரட்டுவர். பின்னர்க் கயிற்றை அசைப்பர். படகில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். அக்கயிற்றை மைத்துனன் கையிலேயே கொடுப்பர் என்று தென்னாட்டில் ஒரு பேச்சு உண்டு. தன் உடன்பிறந்தாளின் கணவனை எவன் கைவிடுவான்! தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எனினும், மூழ்குபவனின் உயிர் அவனைக் காப்பவனிடம் உள்ளது என்னும் உண்மை மாறவில்லை. இக்காலத்தில் அவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது குகை முக்குளிப்பு என்னும் அருங்கலை.

நீர் நிறைந்த குகைகளுள் காற்றுக்கலங்களைச் சுமந்து சென்று, அவற்றை அளந்தும் வரைந்தும் மீள்வதே அக்கலை. அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் சுண்ணாம்புப் பாறையில் இத்தகைய குகைகள் பல உள்ளன. திறந்த கடலில் சிறிது ஆழமே மூழ்கியவர் இடர் நேர்ந்தால் மேலே எழலாம். குகையிலோ தலைக்குமேல் பாறை. வந்த வழியே திரும்பினாலன்றிக் காற்று இல்லை. காலால் ஒருமுறை சேற்றைக் கலக்கிவிட்டால் விளக்கொளியும் பயன்படாது. ஆகவே, குகைவாயிலிலிருந்து ஒரு மெல்லிய நூலை இடையறாது கட்டிக்கொண்டே செல்வர். கண் காணாதபோது அந்நூலைக் கையால் பற்றியே வெளியேறுவர். கொண்டுசென்ற காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே செல்வதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. எஞ்சிய பங்கு இடர்க்காலத்திற்கு. முதற்பங்கு தீர்ந்தவுடன், எதிரே எத்தகைய எழில்மண்டபம் தோன்றினும், திரும்பிவிட வேண்டும்.

ஆழம் மற்றோர் இடரைத் தருகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அதனால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் மிகுதியாகக் கரைகிறது. ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே அது மதுவைப்போல் அறிவை மயக்கத் தொடங்கும். விரைந்து மேலெழுந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழிகள் தோன்றி உடலை முடக்கும். ஹால்டேன் என்னும் அறிஞர் வெள்ளாடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, படிப்படியாக நின்று மேலேறும் முறையை 1908இல் வெளியிட்டார். பேராழத்திற்குச் செல்வோர் இன்று ஹீலியம் கலந்த காற்றையும் சுமந்து செல்கின்றனர். இதனைத் தொழில்நுட்ப முக்குளிப்பு என்பர்.

இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியராவதற்குத் தகுதி உடையவர் யார்? அச்சமற்றவரே என்பர் சிலர். அது பொருந்தாது. திறந்த நீரில் கற்பிப்பதற்கே, 18 வயது நிரம்பியிருத்தலையும் 100 முறை மூழ்கிய பழக்கத்தையும் உலகளாவிய பயிற்சி அமைப்பொன்று வேண்டுகிறது. குகையாசிரியராவதற்கு மேலும் நெடும்பயிற்சி வேண்டும். இத்தனை பயிற்சி எதற்கு? கண்ணாடியுள் நீர் புகுதல், விளக்கு அணைதல், நூல் கையிலிருந்து நழுவுதல் ஆகியவற்றை ஆசிரியரின் கைகள் தாமே சரிசெய்து பழக வேண்டும். அப்பொழுதுதான் அவர் கருத்து முழுவதும் மாணவர்மேல் நிற்கும். அஞ்சிய மாணவர் முதலில் தம் அச்சத்தைத்தான் மறைப்பார். அவர் மூச்சின் விரைவிலும் கண்ணின் மிரட்சியிலும் அதனைப் படித்தறிந்து, "இன்று இது போதும்; திரும்புவோம்" என்று கைகாட்டுபவரே ஆசிரியர். திறமையைக் காட்ட விரும்புபவர் நல்ல முக்குளிப்பவராக இருக்கலாம், நல்லாசிரியர் ஆகார்.

ஷெக் எக்ஸ்லி என்பவர் புளோரிடாவில் கணக்காசிரியராக இருந்தவர். குகைகளில் உயிரிழந்தோர் எப்பிழையால் இறந்தனர் என்று ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் எழுதினார். நூல் கட்டாமை, திரும்புவதற்குக் காற்றை ஒதுக்காமை, அளவுமீறி ஆழம் செல்லுதல் ஆகியவையே பெருங்காரணங்கள் என்று கண்டார். அந்நூல் பலரைக் காத்தது. ஆனால் அவரே 1994இல் மெக்சிகோவில் பேராழத்தை எட்ட முயன்று உயிர்நீத்தார். வல்லுநருக்கும் எல்லை தளர்வதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2018ஆம் ஆண்டு தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிறுவர் 12 பேரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கினர். ஜூன் 23இல் உள்ளே சென்றவர்களை ஜூலை 2இல் பிரிட்டானிய முக்குளிப்பவர் இருவர் கண்டனர். பல்லாண்டுப் பயிற்சியைச் சில நாளில் சிறுவர்க்கு ஊட்ட இயலுமா? இயலாது என்று வல்லுநர் ஒப்புக்கொண்டனர். ஆகவே, குகை முக்குளிப்பும் அறிந்த மருத்துவர் ரிச்சர்டு ஹாரிஸ் சிறுவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்தார். கட்டிய கயிற்று வழியே முக்குளிப்பவர்கள் அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுவந்தனர். ஜூலை 8 முதல் 10 வரை 13 பேரும் மீண்டனர். காற்றுக்கலங்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் மட்டும் மீளவில்லை.

மாணவர்களே! நம் மதுரைச் சமவெளியில் குகைகள் இல்லை என்று எண்ணி இதனை அயல்நாட்டுக் கதையாக விட்டுவிடாதீர்கள். நம்மிடம் கிணறுகளும் கண்மாய்களும் வைகையின் பள்ளங்களும் உள்ளன. கோடை விடுமுறையில் சிறுவர் நீரில் மூழ்கினர் என்னும் செய்தி நம் காதுகளுக்குப் புதிதன்று. ஒருவரை மீட்கக் குதித்த மற்றொருவரும் உடன் மாண்டார் என்று கேட்கும்போது நெஞ்சு துடிக்கிறது. அவர்களிடம் அன்பு இருந்தது, துணிவும் இருந்தது. கற்பித்தவர் ஒருவர் இல்லை. தோட்டக் கிணறுகள் தூர்ந்துவரும் இந்நாளில், ஊர்தோறும் நீச்சல் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று நாம் கேட்பது மிகையாகாது.

அதுவரை இதனையேனும் மனத்தில் கொள்ளுங்கள். பெரியவர் துணையின்றி நீரில் இறங்காதீர்கள். ஒருவர் தத்தளித்தால் குதிக்காதீர்கள். கூவி ஆள் அழையுங்கள். கரையில் நின்றே கயிற்றையோ கழியையோ வேட்டியையோ நீட்டுங்கள். உங்களுள் ஒருவர் நாளை கடலடியையும் குகையடியையும் காணச் செல்லலாம். பிறர்க்குக் கற்பிக்கவும் செய்யலாம். அவருக்கும் முதற்பாடம் இதுவே: கரையில் கயிறு பிடித்து நிற்கக் கற்றவரே நீரில் பிறரை அழைத்துச் செல்லத் தக்கவர்.