மிச்சம் அவங்களுக்கு, ஆபத்து நமக்கு!

மக்களே, வாடகை சர்வர்ல வலைப்பூ நடத்துற நம்ம பதிவர் கூட்டத்துக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், ஓடிடாதீங்க.

"ஒரே தகவலை மெமரியில ரெண்டு தடவை எதுக்கு வைக்கணும்? ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடு"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு பெரிய மெஷின்ல இருபது மெய்நிகர் சர்வர் ஓடுதுன்னு வைங்க. இருபதுலயும் ஒரே லினக்ஸ்னா, அதே தகவல் இருபது தடவை ராமை அடைச்சுக்கிட்டு கிடக்கும். 2002-ல விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் இதுக்கு ஒரு வழி எழுதினார். ராமை 4 கேபி பக்கங்களாப் பார்த்து, அச்சு அசலா ஒண்ணா இருக்கிறதை ஒரே பக்கமா சேர்த்துடுறது. 2009 டிசம்பர்ல வந்த லினக்ஸ் 2.6.32-ல கேஎஸ்எம்ங்கிற பேர்ல இதே வேலை சேர்ந்தது.

சேர்த்த பக்கத்துல யாராவது எழுத வந்தா? அவருக்கு மட்டும் அப்பவே தனி நகல் எடுத்துக் கொடுத்துடும். ஆக யாருக்கும் நஷ்டமில்லைன்னு சத்தியம் பண்றாங்க. இங்கதான் எனக்குக் கோபம் வருது.

நகல் எடுக்க நேரமாகும் இல்லையா? பக்கத்துக் குடித்தனக்காரன் உங்ககிட்ட இருக்கக்கூடிய ஒரு பக்கத்தை ஊகிச்சு, தன் மெமரியில எழுதி வைக்கிறான். கொஞ்ச நேரம் காத்திருந்து, அதுல ஒரு பைட்டை மாத்தி நேரத்தை அளக்கிறான். தாமதமாச்சுன்னா அதே பக்கம் அந்த மெஷின்ல வேற யார்கிட்டயோ இருக்குன்னு அர்த்தம். கதவைத் தொடாமலேயே உங்க வீட்டுல என்ன சமையல்னு கண்டுபிடிச்சாச்சு!

கதை விடலை. 2016-ல ஆம்ஸ்டர்டாம் ஃப்ரையே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெண்டு விதமா செஞ்சே காட்டினாங்க. முதலாவதுல, எட்ஜ் உலாவியில ஓடுற வெறும் ஜாவாஸ்கிரிப்டை வச்சே மெமரி முகவரிகளை உருவிட்டாங்க. சொந்த மெஷினா இருந்தாலும், இணையப்பக்கத்து ஸ்கிரிப்ட் வெளியாள்தானே.

ரெண்டாவது இன்னும் மோசம். ராம் சிப்புல ஒரு வரிசையை மறுபடி மறுபடி வேகமா தொட்டா பக்கத்து வரிசையில பிட் புரளும். ரோஹாமர்னு 2014-ல ஆய்வுக் கட்டுரையா வந்த சமாச்சாரம் இது. இதையும் கேஎஸ்எம்மையும் சேர்த்து, பக்கத்து சர்வரோட எஸ்எஸ்ஹெச் பொதுச்சாவியில பிட்டைப் புரட்டி, அதைச் சொத்தைச் சாவியாக்கி, உள்ளயே போயிட்டாங்க. எழுதினாத்தானே தனி நகல்? எழுதாமலே புரட்டினா லினக்ஸுக்கு எப்படித் தெரியும்?

வேற வேற மெய்நிகர் சர்வர்களுக்கு நடுவுல பக்கம் சேர்ப்பதை இனி தானா செய்ய மாட்டோம்னு விஎம்வேர் 2014 அக்டோபர்லயே அறிவிச்சது. மைக்ரோசாஃப்ட் 2016-ல விண்டோஸ்ல இதை அணைச்சது. வித்தவங்களே பின்வாங்கியாச்சு, நம்ம கோஷ்டி மட்டும் இன்னும் கொடி பிடிக்குது.

"ராம் விலை ஏறுதே?" ஏறட்டும் சாமி. மிச்சம் பிடிக்கிறதே தப்புன்னு நான் சொல்லலை. வெளியாள் நிரல் ஓடாத இடத்துல, ஒரே ஆளோட வேலைகளுக்கு நடுவுல, தாராளமா சேருங்க. ஒரே குடும்பம் ஒரே அண்டாவுல சோறு எடுத்தா யாருக்கு என்ன? முன்பின் தெரியாத நாலு குடித்தனத்துக்கு ஒரே பீரோவைக் கொடுத்துட்டு, "உங்க பொருள் பத்திரம்"னு சொல்றதுதான் அநியாயம். 1 ஜிபிக்கு என்கிட்ட காசு வாங்கிட்டு, அதைப் பக்கத்தாளோட பங்கு போட யார் சம்மதம் கேட்டாங்க? மிச்சமானதை இன்னொருத்தருக்கும் விக்கலாம். லாபத்துல மட்டும் பங்கு கிடையாது!

போன மாசம் என் சர்வர் கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) ஒரே கேள்வி எழுதினேன்: "கேஎஸ்எம் ஓடுதா, இல்லையா?" "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் நோக்கம்"னு பதில் வந்தது. ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

நீங்களும் கேளுங்க. அணைக்கிறது ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்லை. ஒரு கோப்புல 2-னு எழுதினா சேர்த்த பக்கமெல்லாம் பிரிஞ்சுடும். பிரிச்சா ராம் பத்தாதுன்னு அவங்க சொன்னா, இல்லாத ராமைத்தான் நமக்கு வித்திருக்காங்கன்னு அர்த்தம்.

மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துக்கு வாங்க, மோதிப் பார்த்துடலாம் :-)