கொரியன் என்றால் மணக்கும், மாட்டுக்கறி என்றால் நாறுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் கரியடுப்பு மூட்டி, மூங்கில் குச்சியில் மாட்டுக்கறி கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். காயப்போட்ட துணியை எடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா, "என்னம்மா, வாசனை தூக்குது?" என்றார். "கொரியன் டிஷ்க்கா" என்றேன். "அட, அந்த சீரியல்ல எல்லாரும் உக்காந்து சுட்டுச் சுட்டுத் திம்பாங்களே, அதுவா!" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுச் சொன்ன உண்மை. வாடகை வீடு இது. பார்க்க வந்த அன்று வீட்டு உரிமையாளர் முதலில் கேட்டது சம்பளத்தை இல்லை. "நான்வெஜ் சமைப்பீங்களா? என்ன நான்வெஜ்?" என்றுதான் கேட்டார். "சிக்கன், மட்டன் சார்" என்று சொல்லிப் பழகிய நாக்கு என்னுடையது. மொட்டை மாடியில் "கொரியன்" என்றதும் அதே நாக்குதான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பக்கத்துச் சந்தில் சில்லி பீஃப் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற அலுவலக நண்பர், கொரியன் உணவகத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புல்கோகி தின்று படம் போடுகிறார். அது அவர் காசு. ஆனால் அவர் தட்டில் இருப்பதும் நம் தட்டில் இருப்பதும் ஒரே பிராணி என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சமையலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "பசியைக் கிளப்பிவிட்டுப் பாடம் எடுக்கிறாள்" என்று திட்டுவீர்கள்.

கறியும் வெங்காயத்தாளும் மாறி மாறிக் கோத்துச் சுடுவதற்குக் கொரியாவில் சான்ஜொக் என்று பெயர். அரைக் கிலோ எலும்பில்லாத கறி போதும். கடையில் பாயிடம் "அண்டர்கட் இருந்தா குடுங்க பாய்" என்று கேளுங்கள். இல்லையென்றால் தொடைக்கறி. வாங்கி வந்ததும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கத்தி வழுக்காமல் வெட்ட வரும். நாருக்குக் குறுக்கே, விரல் நீளத்துக்கு, அரை விரல் தடிமனில் வெட்ட வேண்டும். நாரோடு சேர்த்து வெட்டினால் செருப்பு வாரைக் கடிப்பது மாதிரி இருக்கும். சுடும்போது கறி சுருங்கும், அதனால் வெங்காயத்தாளைவிடக் கறித்துண்டு கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்.

ஊறவைக்க சோயா சாஸ் 4 ஸ்பூன், நாட்டுச்சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், பாதிப் பேரிக்காயைத் துருவிப் பிழிந்த சாறு, தட்டிய பூண்டு ஆறு பல், துளி இஞ்சி, மிளகுத்தூள். கொரியர்கள் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் ஊற்றுவார்கள். நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு ஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி நல்லெண்ணெயில் கலந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சோயா சாஸே உப்புத்தான், தனியாக உப்புப் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்பார்கள். நமக்குப் போதாது. காரணம் சமையலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. கொரியாவின் ஹன்வூ மாடு கறிக்கென்றே கொழுக்க வளர்க்கப்பட்டு, 30 மாதம் வாக்கில் வெட்டப்படுவது. இங்கே 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டையோ, நிரந்தரமாக முடமாகிப்போன மாட்டையோதான் வெட்டலாம். ஆயுள் முழுக்க ஏர் இழுத்த, வண்டி இழுத்த உடம்பு அது. பூப்போல வேகுமா? நம் அம்மாக்கள் மணிக்கணக்கில் வேகவைத்ததும், மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டதும் சுவைக்காக மட்டுமில்லை. எனவே மூன்று மணி நேரமாவது ஊறட்டும். பேரிக்காயோடு ஒரு ஸ்பூன் பப்பாளிக்காய் விழுதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போட்டால் கறி கூழாகிவிடும்.

மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தீயில் கருகாது. கரி நீறு பூத்த பிறகே குச்சியை வையுங்கள், சர்க்கரை இருப்பதால் தழலில் கறுத்துவிடும். கரியடுப்பு இல்லாதவர்களுக்கு இரும்பு தோசைக்கல் இருக்கிறது.

பழைய கொரியச் சமையல் குறிப்புகளில் இன்னொரு முறையும் உண்டு. சொர்யாம்யொக் என்று பெயர், பனி பெய்யும் இரவில் தேடிப்போய்த் தின்பது என்று பொருள். குச்சியில் கோத்த கறியை எண்ணெயும் உப்பும் தடவிப் பாதி சுட்டு, குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி சுட்டு, மறுபடி முக்குவது. முதலில் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். செய்து பார்த்தால் வெளிப்பக்கம் கருகாமல் உள்ளே வெந்திருந்தது.

இனி, அந்தக் கறியை அங்கே வெட்டித் தந்தவர்கள் யார் என்ற கதை.

கொரியாவில் யாங்பான் என்ற உயர்குடியின் முன்னோர் வழிபாட்டில் படையல் மேசையில் மாட்டுக்கறிச் சான்ஜொக் இருக்கும். உழவு மாட்டைக் காக்க மன்னர்கள் மாடு வெட்டத் தடை போட்டுக்கொண்டே இருந்தார்கள், பெரிய வீடுகள் தின்றுகொண்டேதான் இருந்தன. ஆனால் மாட்டை அறுத்தவர்களுக்கு, தோலை உரித்துப் பதப்படுத்தியவர்களுக்கு, கூடை முடைந்தவர்களுக்குப் பெக்ஜோங் என்று பெயர். அவர்கள் ஊருக்கு வெளியே தனியாக இருக்க வேண்டும். ஓட்டு வீடு கட்டக்கூடாது. பட்டு உடுத்தக்கூடாது. மற்ற ஆண்கள் வைக்கும் கறுப்புத் தொப்பியை வைக்கக்கூடாது. மற்றவர் வீட்டுப் பொடியனிடம்கூடப் பணிந்த மொழியில்தான் பேச வேண்டும். இதையெல்லாம் வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

பெயர் மாற்றமும் அங்கே நடந்திருக்கிறது. பெக்ஜோங் என்பது ஒரு காலத்தில் சாதாரணக் குடிமக்களைக் குறித்த சொல். 1423இல் மன்னர் செஜோங் காலத்தில், ஒதுக்கப்பட்டிருந்தவர்களைக் குடிகளோடு சேர்க்கலாம் என்று அந்தப் பெயரை அவர்களுக்குச் சூட்டினார்கள். ஊர்க்காரர்கள் "புது பெக்ஜோங்" என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்தச் சொல்லே வசவாகிப்போனது.

1894இல் சட்டம் இந்தப் படிநிலையை ஒழித்தது. காகிதத்தில். 1898இல் சியோலில் நடந்த மாபெரும் மக்கள் கூட்டத்தில் பாக் சொங்-சுன் என்ற பெக்ஜோங் மேடையேறிப் பேசினார். அவர் மகன் பாக் சோ-யாங் 1908இல் மேற்கத்திய மருத்துவம் படித்துத் தேறினார். ஆனால் ஊர்ப்புறத்தில் பெக்ஜோங் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுப்பது தொடர்ந்தது. அந்தக் கோபத்தில்தான் 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரில் ஹ்யோங்ப்யோங்சா என்ற அமைப்பு பிறந்தது. பெக்ஜோங் குடும்பத்தில் பிறந்து டோக்கியோவில் படித்த ஜாங் ஜி-பில், உயர்குடியில் பிறந்த காங் சாங்-ஹோ போன்றவர்கள் அதை முன்னெடுத்தார்கள். ஹ்யோங்ப்யோங் என்றால் தராசுக்கோல் சாயாமல் சமமாக நிற்பது. கறிக்கடைக்காரன் அன்றாடம் கையில் பிடிக்கிற தராசுதான் இயக்கத்தின் பெயர்! இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த இயக்கத்திலும் பார்த்ததில்லை. அதே 1923 ஆகஸ்டில்தான் பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறக்கச் சொல்லும் போலே தீர்மானம் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்த 1927இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது.

அமைப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே ஜின்ஜுவில் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் நிலப்பிரபுக்கள் மட்டுமில்லை, சாதாரண விவசாயிகளும்தான். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? இனி மாட்டுக்கறி வாங்க மாட்டோம் என்ற புறக்கணிப்பு. பச்சை மாட்டுக்கறி தூவிய பிபிம்பாப்புக்கு இன்றும் பெயர்போன ஊர் அது. அந்த ஊரே, வெட்டுகிறவன் நிமிர்ந்து நின்றதும், கறியைத் தள்ளி வைத்தது.

நான் இந்தக் கதையை இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் இதுதான். நம் தோழர்களில் பலர், எல்லோரும் மாட்டுக்கறி சாப்பிட்டுவிட்டால் பாதிச் சாதி போய்விடும் என்று நம்புகிறார்கள். நானும் கல்லூரியில் பீஃப் திருவிழா நடத்தியவள்தான். மாட்டுக்கறி உண்டதற்கும் தீண்டாமை பிறந்ததற்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் விரிவாக எழுதினார், இந்த மண்ணில் அதைத் தாண்டிப் பேச முடியாது. ஆனால் கொரியாவில் எல்லோருமே தின்றார்கள். படையலில் வைத்தார்கள். கறிக்குத் தீட்டில்லை, கைக்குத்தான் தீட்டு. சாதி மாதிரியான ஓர் ஏற்பாட்டுக்கு உணவுத் தடைகூடத் தேவையில்லை என்றால், நம் தட்டைக் காட்டி அவர்கள் சொல்கிற அருவருப்பு காரணமா, சாக்கா?

கொரியன் உணவகத்தில் மாட்டுக்கறி தின்கிற அந்த நண்பர் எதையும் உடைக்கவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். கறி அவருக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். தோல் பதனிடும் ஊர், பீஃப் பிரியாணி தெருத்தெருவாக விற்கிற ஊர். அங்கே மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். அந்த ஊர்த் தோலில் செய்த செருப்பு எந்த மேடையிலும் ஏறலாம்.

கொரியாவில் பெக்ஜோங் என்று தனியாக ஒரு கூட்டம் இன்று இல்லை. போரும் இடப்பெயர்வும் நகரங்களும் ஊர்களைக் கலைத்துப்போட்டன. சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வசவாகவும் கறி உணவகங்களின் பெயர்ப்பலகையிலும். இங்கே அப்படிக் கலையவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கடை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா ஊரிலிருந்து வந்தபோது இதையே சுட்டுக் கொடுத்தேன். ஒரு குச்சியைத் தின்று முடித்துவிட்டு, "இதுக்காடி இவ்ளோ பேரு? உங்க ஆயா சைக்கிள் போக்ஸ் கம்பியில ஈரலைக் குத்தி அடுப்புல வாட்டித் தருவாளே, அதுல சோயாவ ஊத்திக் கெடுத்து வச்சிருக்க" என்றார். இரண்டாவது குச்சியையும் எடுத்துக்கொண்டார்.

போன ஞாயிறு மறுபடி அடுப்பு மூட்டினேன். கீழ்வீட்டு அக்கா வந்தார். "இன்னைக்கும் கொரியனா?" என்றார். "மாட்டுக்கறிக்கா" என்றேன். கையிலிருந்த துணியை ஒருமுறை உதறினார், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போனார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், "அதுல என்னமோ பழம் போட்டியே, அது எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். வீட்டு உரிமையாளர் காதுக்கு இன்னும் போகவில்லை. 11 மாத ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.